ரயிலுக்கு முன்னால் நடந்தவர்

காலை பத்து மணிக்குச் சற்று முன்னதாக அவர் ரயிலுக்கு முன்னால் நடந்து வருவார். கையில் சிவப்புக் கொடி. ரயில்வே கொடுத்த கறுப்புக் கோட்டுக்குள்ளே, யாரும் கட்டச் சொல்லாத ஒரு கழுத்துப்பட்டி. அவருக்குப் பின்னால் மனித நடையின் வேகத்தில் ஒரு மின்சார எஞ்சின், அதற்குப் பின்னால் ஆறு ஏழு சரக்குப் பெட்டிகள். இரு பக்கமும் கார்கள் நிற்கும். அவர் திரும்பிப் பார்த்து நான் கண்டதில்லை. எஞ்சின் வருகிறது என்பதில் அவருக்குச் சந்தேகம் இருக்கவில்லை.

எழுபதுகளின் நடுப்பகுதி. அவுஸ்திரேலியாவில், மெல்பேர்ணின் தென்கிழக்கே, கிளேட்டனுக்குப் போகும் பாதையில் இருந்த ஒரு சிறு நகரம். மெல்பேர்ணுக்குள்தான் இருந்தது, ஆனால் சட்டப்படி தனி நகரம். தனக்கென்று ஒரு மேயரும் ஒரு நகர மண்டபமும் வைத்திருந்தது. நிலையத்தின் பின்புறம் ஒரு கிளைத் தண்டவாளம் பிரிந்து, இரண்டு தெருக்களைக் கடந்து, ஒரு கிலோமீற்றர் அளவு ஓடி முடிந்தது. வழியில் கோதுமை அரைக்கும் ஒரு மா ஆலை, பலகை விற்கும் ஒரு மரக்காலை, கடைசியில் ஒரு பிரிக்கெட் முற்றம். பிரிக்கெட் என்பது பழுப்பு நிலக்கரியை இறுக்கிச் செய்த கட்டி. குளிர்காலத்தில் அந்தப் பகுதி வீடுகளில் அதைத்தான் எரித்தார்கள். கிளைப் பாதை நெடுகிலும் தலைக்கு மேலே மின்கம்பி போனது.

நான் மரக்காலையில் பெட்டிகளிலிருந்து பலகை இறக்கினேன். கொழும்பில் ஒரு தமிழ்ப் பத்திரிகையில் ஏழு வருடம் துணை ஆசிரியராக இருந்தவன். இங்கே அந்த ஏழு வருடத்தை விண்ணப்பத்தின் எந்தக் கட்டத்துக்குள் எழுதுவது என்று தெரியவில்லை. ஆங்கிலம் நன்றாக எழுதுவேன். பேச வாயெடுத்தால் சொற்கள் ஒழுங்காக வராது. அவர்தான் என்னை மரக்காலைக்குக் கூட்டிப் போனார். நான் மனேஜருக்கு முன்னால் நின்றேன், அவர் பேசினார். "இவர் மரங்களோடேயே வளர்ந்தவர்" என்று சொன்னார். எனக்குப் பனையையும் பலாவையும் தெரியும்.

அவருடைய குணம் இதுதான். அவர் மற்றவர்களுக்காகப் பேசினார். கேட்டாலும் பேசினார், கேட்காவிட்டாலும் பேசினார். இலங்கை ரயில்வேயில் குமாஸ்தாவாக இருந்தபோது பழகிய ஆங்கிலம், நிறுத்தி நிதானமாக வரும். வெள்ளைக்காரர்கள் அதைத் தலையைச் சற்றுச் சாய்த்துக் கேட்பார்கள். மில்க் பார் என்ற தெருமூலைக் கடைக்குப் போனால் எனக்கு என்ன வேண்டும் என்பதை அவரே சொல்வார். நான் ஒரு வருடம் முழுக்க, மாவுக்குள் இறைச்சி வைத்துச் சுட்ட 'பை' தின்றேன். எனக்கு மீன்தான் பிடிக்கும்.

அவர் பேசினால் காரியம் நடக்கும் என்பதையும் எழுத வேண்டும். வீடு வாடகைக்குத் தர மறுத்த ஒரு கிழவி, அவர் கால் மணித்தியாலம் பேசிய பிறகு எனக்கும் என்னோடு இருந்தவனுக்கும் வீட்டுத் திறப்பும் தந்து, பின்வளவு எலுமிச்சையையும் பிடுங்கச் சொன்னாள். தெருக் கடவையில் கொடியை மதிக்காமல் லொறியை விட்ட ஒருவன், அவர் போய் ஜன்னலடியில் நின்று பேசியதும் இறங்கி வந்து மன்னிப்புக் கேட்டான். என்ன சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"அவன்ர தாய்க்குச் சுகமில்லை எண்டு கேள்விப்பட்டன் எண்டன்."

"உங்களுக்கு அவனைத் தெரியுமோ?"

"இல்லை. அந்த வயதுக்காரருக்குத் தாய்க்கு ஏதாவது சுகமில்லாமல்தான் இருக்கும்."

பிரிக்கெட் முற்றத்தில் வேலை செய்த கனகு என் நண்பன், என் வயதுக்காரன், என்னோடு ஒரே வீட்டில் இருந்தவன். கப்பல் வேலையில் வந்து இங்கே தங்கிவிட்டவன். அவனுக்கு ஒரு தடவை வயிற்றில் நோவு வந்தது. டொக்டரிடம் போக, அவரும் கூடப் போனார். திரும்பி வந்து கனகு சொன்னதை அவன் வாயாலேயே தருகிறேன்.

"எனக்கு வலப் பக்கம் நோகுது, மச்சான். இவர் இடப் பக்கத்தைத் தொட்டுத் தொட்டுக் காட்டி ஒரு பாட்டம் கதைக்கிறார். டொக்டரும் தலையாட்டுறார். எனக்கே ஒரு கட்டத்தில ஐமிச்சம் வந்திட்டுது, இடப் பக்கம்தானோ எண்டு. பிறகு அந்தாள் வலப் பக்கத்தை அமத்தினதும் நான் கட்டிலால எழும்பீட்டன். அப்ப இவர் என்ன சொன்னவர் தெரியுமே? நோ இடம் மாறியிருக்கு, டொக்டர்."

நாங்கள் சிரித்தோம். அவரும் இருந்து சிரித்தார்.

தீபாவளிக்கு எனக்கு ஒரு நாள் லீவு வேண்டியிருந்தது. அவர் மனேஜரிடம் போய்ப் பேசி வாங்கித் தந்தார். இரண்டு நாள் கழித்து மனேஜர் ஒரு சிறு பொதியைக் கொண்டுவந்து என் கையில் தந்து முதுகில் தட்டினார். உள்ளே மஞ்சள் கம்பளி நூலில் பின்னிய இரண்டு குழந்தைச் சப்பாத்துகள். மனேஜரின் மனைவி பின்னியது. எனக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். நான் அப்போது கலியாணம் செய்திருக்கவில்லை.

"பேர் கேட்டா என்ன சொல்லுறது, அண்ணை?"

"கேட்டா என்னட்டை அனுப்பும். லீவு கிடைச்சதோ இல்லையோ?"

கிடைத்தது. ஆறேழு மாதம் மனேஜர் அந்தப் பிள்ளையைச் சுகம் விசாரித்தார். பிறகு கேட்பதை நிறுத்திவிட்டார். ஏனென்று அண்ணையிடம் கேட்டபோது, "தாயோட ஊருக்குப் போட்டுது எண்டு சொல்லீட்டன்" என்றார். எனக்கு ஏனோ அன்றைக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

இனி மின்கம்பியைப் பற்றி. அதில் ஆயிரத்து ஐந்நூறு வோல்ற் ஓடியது. திறந்த பெட்டியில் ஏறிப் பலகையையோ கரி அள்ளும் சவளையோ உயர்த்துகிறவனுக்கும் கம்பிக்கும் இடையில் அதிக தூரம் இல்லை. அதனால் ஒவ்வொரு வாசலிலும் ஒரு கம்பத்தில் ஆளியொன்று இருந்தது. அவர் அதை இழுத்து, அந்தத் துண்டுக் கம்பியில் மின்சாரத்தை நிறுத்திப் பூட்டுப் போடுவார். பூட்டின் திறப்பு, பெட்டியில் ஏறுகிறவனின் சட்டைப் பையில் இருக்க வேண்டும், அவன் இறங்கும்வரை. அதுதான் விதி. எங்கள் பாதையில் திறப்பு அவருடைய பையில் இருந்தது. அவர் கையைத் தூக்கி, "கம்பி செத்தது" என்பார். நாங்கள் ஏறுவோம்.

மா ஆலையில் மூட்டை இறக்கிய மிலான் என்ற யூகோஸ்லாவியக்காரர் மட்டும் முதல் நாளில் திறப்பைக் கேட்டார். அவர் மிலானின் தோளில் கை வைத்து, உன் பையில் இருப்பதும் என் பையில் இருப்பதும் ஒன்றுதான் என்றார். மிலான் என்னைப் பார்த்தார். நான் ஓமென்று தலையாட்டினேன். நான் அங்கே இருந்த காலம் முழுவதிலும் அவர் செத்தது என்று சொன்ன கம்பி உயிரோடு இருந்ததில்லை. அதையும் இங்கே பதிவுசெய்ய வேண்டும்.

ஒரு கோடையின் முடிவில் அந்தப் பகுதி வாரப் பத்திரிகையில் ஒரு சிறு செய்தி வந்தது. கிளைப் பாதையை மூடிவிட்டு லொறிகளில் சரக்கை அனுப்ப ரயில்வே யோசிக்கிறது. நகர மண்டபத்தில் ஒரு விசாரணை நடக்கும். சம்பந்தப்பட்டவர்கள் எழுத்தில் கருத்துத் தெரிவிக்கலாம்.

மா ஆலை லொறியில் சமாளிக்கும். மரக்காலையும் ஒருவாறு சமாளிக்கும், ஆட்களைக் குறைத்துக்கொண்டு. பிரிக்கெட் முற்றம் ரயில் இல்லாமல் ஒரு மாதமும் நிற்காது என்று அதன் உரிமையாளரே சொன்னார். கனகு அந்த வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. மனைவியையும் மகளையும் யாழ்ப்பாணத்திலிருந்து கூப்பிட அப்போதுதான் விண்ணப்பம் போட இருந்தான். நிரந்தர வேலை இருக்கிறது என்று முதலாளி ஒரு கடிதம் தர வேண்டும். முற்றம் மூடினால் கடிதம் இல்லை. கடிதம் இல்லாவிட்டால் அவர்கள் வர முடியாது. மகளுக்கு அப்போது ஐந்து வயது. அவள் பிறந்தபோது கனகு கடலில் இருந்தான்.

நான் ஒரு மனு எழுதினேன். எங்கள் வீட்டுக் குசினியில், சமைத்துச் சாப்பிடும் மேசையிலேயே மூன்று மாலைகள் இருந்து எழுதினேன். பாதை மூடினால் யார் யாருக்கு என்ன நடக்கும் என்பதை, பெயர் பெயராக, மிகையில்லாமல், ஒரு பக்கத்துக்குள் அடக்கினேன். நான் எழுதியவற்றில் அது நல்லதொன்று என்று இன்றும் நினைக்கிறேன்.

கையெழுத்துகளை நானே வாங்கினேன். சாப்பாட்டு நேரத்தில் மூன்று இடங்களுக்கும் நடந்தேன். மனுவை இன்னும் தட்டச்சுச் செய்து முடிக்கவில்லை என்பதால் ஒரு தனித் தாளில் வாங்கினேன். மிலான் தாளைப் பார்த்தார். மேலே ஒன்றும் இல்லை.

"எங்கே கடிதம்?"

"கடிதம் வருகிறது. நான்தான் எழுதுகிறேன்."

"யார் கொண்டுபோவது?"

அவர் என்றேன். மிலான் கையெழுத்துப் போட்டார். என்னோடு சேர்த்துப் பதினொரு பேர் போட்டோம். கையெழுத்து, விஷயம் எழுதிய தாளிலேயே இருக்க வேண்டும் என்பது பத்திரிகையில் இருந்த எனக்குத் தெரியாததல்ல.

விசாரணை ஒரு வேலை நாளில் நடந்தது. எங்கள் பக்கத்தில் ஒருவர்தான் பேசலாம் என்றார்கள். யார் என்று நாங்கள் கலந்து பேசவே இல்லை. தட்டச்சுச் செய்த மனுவையும் கையெழுத்துத் தாளையும் ஒரு குண்டூசியால் குத்தி அவரிடம் கொடுத்தேன். அவர் படித்துப் பார்த்து, "நல்லா வந்திருக்கு, தம்பி" என்றார். மாலையில் திரும்பி வந்தார். கனகு வாசலிலேயே நின்றான்.

"என்னண்ணை, கேட்டவங்களோ?"

"நல்லாக் கேட்டவை. உன்ர மகளைப் பற்றியும் சொன்னனான். ஒரு மனுசி கண்ணாடியைக் கழட்டித் துடைச்சவா."

அன்றைக்குக் கனகு இரண்டு தடவை சோறு போட்டுச் சாப்பிட்டான்.

ஆறு வாரத்துக்குப் பின் மா ஆலையின் கதவில் அறிவித்தல் ஒட்டியிருந்தது. பாதை ஜூன் மாத முடிவோடு மூடப்படும். அறிவித்தலின் நான்காவது வரியில் ஒரு சொற்றொடர் இருந்தது: ஊழியர்கள் எழுத்தில் தெரிவித்த சம்மதத்தைக் கருத்திற்கொண்டு.

அடுத்த நாள் சுகமில்லை என்று நானே தொலைபேசியில் சொல்லிவிட்டு நகர மண்டபத்துக்குப் போனேன். விசாரணைக் கோப்பைப் பார்க்க வேண்டும் என்று ஒரு துண்டில் எழுதிக் கொடுத்தேன். கவுண்டரில் இருந்த பெண் கோப்பைக் கொண்டுவந்து தந்து, மூலையிலிருந்த மேசையைக் காட்டினாள்.

எங்கள் கையெழுத்துத் தாள் அதில் இருந்தது. அதற்கு மேலே இருந்தது என் மனு அல்ல. ஐந்து வரிக் கடிதம். கீழே கையெழுத்திட்ட நாங்கள் பாதை மூடப்படுவதை ஏற்றுக்கொள்கிறோம். ரயில்வேயில் வேறு வேலைகளுக்கு எங்களைப் பரிசீலிக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். அந்தத் தட்டச்சு யந்திரத்தை எனக்குத் தெரியும். நிலையத்தில் அவருடைய அலுவலகமான சரக்குக் கந்தோரில் இருந்தது. அதில் e என்ற எழுத்தின் வயிறு அடைபட்டு ஒரு கறுப்புப் புள்ளியாகத்தான் விழும். மரக்காலைக்கு வந்த ஒவ்வொரு சரக்குச் சீட்டிலும் அந்தப் புள்ளிகளைப் பார்த்திருக்கிறேன். புதுக் கடிதத்தின் மூலையில் ஒரு குண்டூசி குத்திய தடம் இருந்தது. கையெழுத்துத் தாளின் மூலையில் இரண்டு.

கோப்பை மூடி, நன்றி சொல்லிக் கொடுத்தேன். அந்தப் பெண், தேடியது கிடைத்ததா என்று கேட்டாள். ஓமென்று தலையாட்டினேன்.

அவர் சரக்குக் கந்தோரில் தனியாக இருந்தார். கொடியைக் கோலில் சுற்றிக்கொண்டிருந்தார். ரயில்வேயின் தலைமைக் கந்தோரில் அவருக்கு மேசை வேலை கிடைத்திருப்பது அதற்கு முந்திய வாரமே எங்களுக்குத் தெரியும். நாங்கள் கைகொடுத்து வாழ்த்தியிருந்தோம்.

"நகர மண்டபத்தில கடிதத்தைப் பாத்தனான், அண்ணை."

"எந்தக் கடிதம்?"

"எங்கட கையெழுத்துக்கு மேல இருக்கிறது."

"ஓ, அதுவோ. இரும், ரீ போடுறன்."

"அது நான் எழுதினதில்லை."

"உம்மட கடிதம் நல்ல கடிதம், ஐசே. பேப்பரில போட்டிருக்கலாம்." அவர் கேத்தலை வைத்துவிட்டு வந்து இருந்தார். "அவங்கள் மூடுறதெண்டு எப்பவோ முடிவெடுத்திட்டாங்கள். முடிஞ்ச விசயத்தில போய் நிண்டு மூடாதேங்கோ எண்டு அழுதா என்ன வரும்? அதான் வேலை கேட்டன்."

"ஆருக்கு?"

"எல்லாருக்கும். வடிவா வாசிச்சுப் பாத்தனீரோ? எல்லாருக்கும் எண்டுதான் இருக்கு."

"ஆருக்குக் கிடைச்சது?"

"முதல்ல எனக்கு. நான் உள்ளுக்குப் போனாத்தானே மற்றவையை இழுக்கலாம்."

"இதை எங்களிட்டைச் சொல்லியிருக்கலாம்."

"சொன்னா சம்மதிச்சிருப்பியளோ?"

"இல்லை."

"அப்ப?"

அந்த 'அப்ப'வைப் பல வருடம் யோசித்திருக்கிறேன். அதில் வெட்கமோ கோபமோ இருக்கவில்லை. எனக்காக யோசித்து, எனக்காக மறுத்து, எனக்காகவே அந்த மறுப்பை ஒதுக்கியும் விட்டு, அந்த வேலையை முடித்த ஒருவரின் ஆறுதல் இருந்தது. நான் சத்தம் போட்டேன். அவருடைய மேசையில் அடித்துத்தான் பேசினேன். கேத்தல் கொதித்து நின்றது. அவர் எனக்கும் ஒரு கோப்பை ஊற்றினார். குடிக்காமல் வந்துவிட்டேன்.

கனகு குசினியில் முழங்கைவரை சோப்புப் போட்டுக் கரியைக் கழுவிக்கொண்டிருந்தான். முழுக்கச் சொன்னேன், யந்திரத்தின் எழுத்து, குண்டூசித் துளை உட்பட. கையைத் துடைக்காமலே கேட்டுக்கொண்டு நின்றான்.

"நீ இதை அவரிட்டையும் சொன்னனியோ?"

"சொன்னன்."

"சத்தம் போட்டனியோ?"

"போட்டன்."

அவன் கதிரையை இழுத்து இருந்தான். "என்ர தாள் முழுக்க அவரிட்டை, மச்சான். கலியாணப் பத்திரம், பிள்ளையின்ர பிறப்புப் பத்திரம், எல்லாம். போன திங்கள்தான் கொண்டுபோய்க் குடுத்தனான். ரயில்வேயில எனக்கொரு வேலை எடுத்து அந்தக் கடிதத்தையும் தாறனெண்டவர்."

"அவர் உன்ர கையெழுத்தை வித்துப்போட்டார், கனகு."

"வித்தா வித்தது. அவளையும் பிள்ளையையும் கொண்டுவந்து விடட்டும். பிறகு நான் இருந்து கோவிக்கிறன்."

"நான் நிரப்பித் தாறன். வேற வேலையும் தேடலாம்."

"நீ வடிவா நிரப்புவாய்." அவன் என்னை நேராகப் பார்த்தான். "கவுண்டரில போய் நிண்டு கதைப்பியோ?"

பத்திரிகையில் இருந்த ஏழு வருடமும் மற்றவர்கள் சொன்னதைத்தான் நான் எழுதினேன்.

"ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவரைச் சாப்பிடக் கூப்பிடப் போறன்" என்றான். "நீ ஒரு சொல்லுச் சொல்லு. எனக்காக வேண்டாம். அந்தப் பிள்ளைக்காகச் சொல்லு."

அவர் வந்தார். அதே கழுத்துப்பட்டி. கனகு ஆட்டிறைச்சிக் கறி வைத்திருந்தான். மூன்று பேரும் குசினியில் இருந்து சாப்பிட்டோம். அவர் கறியைப் பாராட்டினார், குளிரைப் பற்றிப் பேசினார், தலைமைக் கந்தோரின் லிஃப்ற் அடிக்கடி நின்றுபோவதைச் சொல்லிச் சிரித்தார். கனகு என் காலை மேசைக்கடியில் மிதித்தான்.

"அண்ணை, அண்டைக்கு நான் கதைச்சது பிழை."

அவர் எலும்பைத் தட்டின் ஓரத்தில் வைத்தார். "எது பிழை?"

"கதைச்ச விதம்."

"ஓம், விதம்தான் பிழை" என்று ஏற்றுக்கொண்டார். கை கழுவி வந்து, பையைத் திறந்து, கனகுவின் விண்ணப்பத்தை எடுத்து மேசையில் வைத்தார். பென்சிலால் புள்ளடி போட்ட இடங்களைக் காட்டினார். கனகு ஒரு வரியும் வாசிக்காமல் எல்லாவற்றிலும் கையெழுத்துப் போட்டான். நான் தட்டுகளைக் கழுவினேன்.

சொன்னதை அவர் செய்தார். ரயில் பெட்டிகள் கழுவும் யார்டில் கனகுவுக்கு வேலை எடுத்துக் கொடுத்தார், கடிதமும் எடுத்துக் கொடுத்தார். மற்ற ஒன்பது பேரில் ஒருவரையும் இழுக்கவில்லை. கடைசி ரயிலுக்கு முன்னால் வேறொருவன் கொடியோடு நடந்தான். பத்து அடிக்கு ஒரு தரம் திரும்பித் திரும்பிப் பார்த்தான். மா ஆலையில் மூன்று பேரை நிறுத்தினார்கள், மிலான் அதில் ஒருவர். அதற்குப் பிறகு கடைத்தெருவில் கண்டால் மிலான் என்னோடு பேசமாட்டார். ஒரே ஒரு தடவை மட்டும் நின்று, "உன் ஆள் நன்றாகப் பேசினான்" என்று சொல்லிவிட்டுப் போனார். நான் ஓர் அச்சகத்தில் பிழை திருத்தும் வேலைக்குச் சேர்ந்தேன். அங்கே பேச வேண்டியதில்லை.

அடுத்த வருடம் கனகுவின் மனைவியும் மகளும் வந்தார்கள். விமான நிலையத்துக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். தாள்களில் ஏதோ சந்தேகம் என்று அவர்களை உள்ளே நிறுத்திவைத்திருந்தார்கள். அவர் கழுத்துப்பட்டியைச் சரிசெய்துகொண்டு ஒரு அதிகாரியிடம் போனார். தலையைச் சற்றுச் சாய்த்து அந்த அதிகாரி கேட்பதைத் தூரத்திலிருந்து பார்த்தேன். இருபது நிமிடத்தில் கதவு திறந்தது. மகள் தாயின் சேலையைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கனகு முழந்தாளிட்டு அவளைக் கூப்பிட்டான். அவள் அவனைத் தெரியாமல் அவரைப் பார்த்தாள். அவர்தான் அவளிடம், "இதுதான் அப்பா" என்றார்.

கனகுவின் மனைவி அவரைக் கையெடுத்துக் கும்பிட்டாள். பிறகு என் பக்கம் திரும்பினாள்.

"நீங்கள்தானே பேப்பர்கார அண்ணா? அண்ணையோட கோவிச்சு எல்லாத்தையும் குழப்பப் பாத்தனீங்கள் எண்டு இவர் எழுதினவர்."

கனகு குனிந்து மகளின் சப்பாத்து வாரைப் பூட்டிக்கொண்டிருந்தான். நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவருடைய கை என் தோளில் இருந்தது.

"அது பழங்கதை, தங்கச்சி" என்றார். "இவர் அதை அப்பவே மறந்திட்டார்."

நான் குனிந்து பெட்டியைத் தூக்கினேன்.